வெண்பன்றி வளர்க்கப் போகிறீர்களா? கொட்டகைக்குள் நோய் நுழையும் வழியும், முதல் நாளே அதைப் பிடிக்கும் முறையும்

போன மார்கழியில் ஒரு விடியற்காலை. வடசென்னைக்கு வெளியே, மீஞ்சூர் தாண்டி புதிதாகப் பன்றி வளர்க்க ஆரம்பித்திருந்த ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, ஒரு குட்டி நாய் மாதிரி குந்திக்கினே இருக்குதுண்ணா. படுக்கவே மாட்டேங்குது. நேத்தே ஊசி போட்டேன், கேக்கல." என்ன ஊசி என்று கேட்டேன். மருந்துக் கடையில் 'சளிக்கு' என்று சொல்லி வாங்கியதாம், பெயர் தெரியவில்லை. நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அந்தக் குட்டி செத்துவிட்டது. இன்னும் மூன்று குட்டிகள் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன.

கால்நடை டாக்டர் வந்து செத்த குட்டியின் நெஞ்சைத் திறந்தார். நுரையீரல் மேலும் இதயத்தின் மேலும் வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி, லேசாக மஞ்சள் கலந்த ஒரு படலம் ஒட்டியிருந்தது. டாக்டர் விரலால் இழுத்தபோது நூல் நூலாக வந்தது. முட்டியைக் கீறினால் உள்ளே கலங்கிய நீர். "கிருமி ஆரம்பிச்சு வெச்சுது. மிச்சத்த உடம்பே பண்ணிக்கிச்சு" என்றார் அவர்.

பன்றி வளர்க்க வருகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அந்த ஒரு வரியைத்தான். கிருமி உள்ளே போனதும் உடம்பு அந்த இடத்துக்கு ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன, நீர் கசிகிறது. சூடு, சிவப்பு, வீக்கம், வலி. இதைத்தான் அழற்சி என்கிறார்கள். நம் விரலில் முள் குத்தினால் நடப்பதும் இதேதான். விரல் வீங்கினால் பரவாயில்லை, வீங்க இடம் இருக்கிறது. நுரையீரலைச் சுற்றிய உறைக்கும், மூட்டுக்குள்ளும், மூளையை மூடிய சவ்வுக்கும் அந்த இடம் கிடையாது. அங்கே வீக்கம் வந்தால் ஒன்றிரண்டு நாளில் கதை முடிந்துவிடும். அதனால் நமக்குக் கிடைக்கிற நேரம் மிகவும் கொஞ்சம். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றியதுதான்.

கிருமிகளின் பெயர்கள்: தெரிந்திருந்தால் போதும், கண்டுபிடிக்க வேண்டாம்

பாக்டீரியா பக்கத்தில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள்: மூளை உறையையும் மூட்டையும் தாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ், மேலே சொன்ன முட்டைப் படலத்தை உண்டாக்கும் கிளாசர் நோய்க் கிருமி, தோலில் வைர வடிவச் சிவப்புத் திட்டுகள் போடும் எரிசிபெலஸ், நாள்பட்ட வறட்டு இருமல் தரும் மைக்கோபிளாஸ்மா, நுரையீரலுக்கு பாஸ்சுரெல்லா, குடலுக்கு ஈ.கோலையும் சால்மோனெல்லாவும். வைரஸ் பக்கத்தில் பன்றிக் காய்ச்சல் (மனிதருக்கு வரும் 'பன்றிக் காய்ச்சல்' ஃப்ளூ இல்லை, இது பன்றிகளுக்கு வரும் வேறு நோய்), ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், பன்றியின் மூச்சையும் சினையையும் கெடுக்கும் பி.ஆர்.ஆர்.எஸ்., சர்க்கோ வைரஸ், கோமாரி.

இந்த இரண்டு பக்கமும் கூட்டுக் களவாணிகள். பி.ஆர்.ஆர்.எஸ். வைரஸ் நுரையீரலில் காவல் நிற்கும் அணுக்களுக்குள்ளேயே புகுந்து அவற்றைக் கொல்கிறது. காவல்காரன் போனபின் பாக்டீரியாவுக்கு வீடு திறந்த வீடு. நம் நாட்டில் இந்த வைரஸ் 2013-இல் மிசோரமில் முதலில் கண்டறியப்பட்டது.

இன்னொன்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸும் கிளாசர் கிருமியும் வெளியிலிருந்து வருபவை என்று நினைக்காதீர்கள். நல்ல ஆரோக்கியமான பன்றியின் மூக்கிலும் தொண்டையிலும் அவை சும்மா குடியிருக்கும். தாயிடமிருந்தே குட்டிக்கு வந்துவிடும். பால் மறக்கடிப்பது, லாரிப் பயணம், மழையில் நனைவது, புதுக் கூட்டத்தோடு சண்டை, இப்படிக் குட்டி தளரும் நேரம் பார்த்து அவை ரத்தத்துக்குள் இறங்குகின்றன. அந்தத் தம்பியின் குட்டிகள் தாயை விட்டு வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. மூன்று வீட்டுக் குட்டிகளை ஒரே கொட்டிலில் விட்டிருந்தார், அதுவும் மார்கழிக் குளிரில், ஈரத் தரையில்.

இடமும் கொட்டகையும்

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் பன்றி வளர்க்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். செங்குன்றம், சோழவரம், மீஞ்சூர், பொன்னேரி என்று வெளியே போனாலும், செங்கல் இறக்குவதற்கு முன் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள். வீடுகளை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் நாற்றம் என்று சண்டைக்கு வருவார்கள் என்பது ஒரு காரணம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இன்னொரு காரணம். கொக்கு, நாரைகளிடம் இருக்கும் அந்த வைரஸைக் கொசு பன்றிக்குக் கொண்டுவருகிறது. பன்றியின் ரத்தத்தில் அது பெருகுகிறது, அங்கிருந்து கொசு வழியாகவே மனிதக் குழந்தைக்குப் போகிறது. பன்றிக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, சினைப் பன்றி மட்டும் செத்த குட்டி போடும். பொன்னேரிப் பக்கம் வயல் சூழ்ந்த இடத்தில் கொட்டகை போடுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. கொட்டகையைச் சுற்றித் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

தரையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். சிமெண்ட் தரை சொரசொரப்பாக இருந்தால் பால் குடிக்கும் குட்டி முட்டி போட்டு முட்டி போட்டு முன்னங்கால் தோல் உரிந்துவிடும். அந்தச் சின்னச் சிராய்ப்புதான் மூட்டுக்குள் கிருமி போகும் வாசல். ரொம்ப வழவழப்பாக இருந்தால் பெரியது வழுக்கி விழும். நடுத்தரமாகப் பூசி, சாணமும் மூத்திரமும் ஓடுகிற மாதிரி சரிவு வையுங்கள். ஈனும் கொட்டிலில் காய்ந்த வைக்கோல் போடுங்கள்.

காற்றோட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கொட்டகைக்குள் போய்ப் பன்றியின் உயரத்துக்குக் குந்தி ஐந்து நிமிடம் உட்காருங்கள். கண் எரிந்தால், மூக்கு கரகரத்தால், அது மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா. நின்றுகொண்டு பார்க்கிற நமக்கு அது தெரியாது, பன்றி நாள் முழுக்க அந்த உயரத்தில்தான் மூச்சு விடுகிறது. மூச்சுக்குழாயில் கிருமியைக் கூட்டித் தள்ளும் நுண்ணிய மயிரிழைகளை அந்தக் காற்று கெடுத்துவிடுகிறது. இருமல் ஊசிக்குச் செலவழிப்பதற்கு முன் மழைக்காகக் கட்டிய தார்ப்பாயை மேல்பக்கம் ஒரு முழம் இறக்கிக் கட்டுங்கள்.

ஐப்பசி கார்த்திகை மழைதான் நம் பக்கத்துக்குப் பெரிய சோதனை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது என் கொட்டகையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகுதான் எனக்கு உண்மையான சேதம் தொடங்கியது. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும், அது பன்றிக்குக் கருச்சிதைவையும் நமக்குச் சிறுநீரகக் கோளாறையும் தரும். அதற்கப்புறம் தரையை இரண்டடி உயர்த்திவிட்டேன். நீங்கள் முதலிலேயே உயர்த்திவிடுங்கள்.

தீவன வாளி: நோய் வரும் ராஜபாட்டை

சென்னையைச் சுற்றிப் பன்றி வளர்ப்பு நிற்பதே ஓட்டல், விடுதி, கல்யாண மண்டப மிச்சத்தில்தான். அதைத் தப்பு சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் வளர்க்கிறேன். ஆனால் அந்த டிரம்மில் பன்றி இறைச்சித் துண்டு ஒன்று இருந்தால் போதும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் உறைந்த இறைச்சியிலும் உப்புக்கண்டத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

வேகவைத்துத்தான் போட வேண்டும். "கொதி வந்துச்சு, இறக்கிட்டேன்" என்பது வேகவைத்தது ஆகாது. டிரம்மின் ஓரம் கொதிக்கும்போது நடுவில் இருக்கும் சோற்றுக் கட்டி வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். உலக விலங்கு சுகாதார அமைப்பு சொல்லும் அளவு 90 டிகிரி செல்சியஸில் குறைந்தது 60 நிமிடம், விடாமல் கிளறிக்கொண்டே. விறகுச் செலவு கையைக் கடிக்கும், தெரியும். மரத்தூள் அடுப்பு கட்டிக்கொண்டால் கொஞ்சம் மிச்சமாகும். பச்சை மிச்சம் கொண்டுவரும் டிரம்மும் வெந்ததை ஊற்றும் வாளியும் வேறு வேறாக இருக்கட்டும். நான் ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறேன், வேலைக்கு வரும் பையன் யாராக இருந்தாலும் குழப்பம் வராது. மிச்சம் ஏற்றிவரும் வண்டியைக் கொட்டகை வாசல் வரை விடாதீர்கள். அது உங்களுக்கு முன் வேறு பண்ணைக்குப் போய்விட்டு வந்திருக்கும்.

இங்கே நம் ஊருக்கென்றே ஒரு ஆபத்து உண்டு. ஓட்டல் மிச்சத்தில் ஊறுகாய், அப்பளம், சாம்பார் என்று உப்பு அதிகம். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறியிருப்பதால் போர் தண்ணீரும் பல இடத்தில் உப்பு. அந்தத் தண்ணீரும் சரியாகக் கிடைக்காமல் ஒரு நாள் காய்ந்தால், உப்பு மூளையைத் தாக்கிவிடும். பன்றி சுவரில் தலையை முட்டும், கண் தெரியாதது போல் அலையும், மூக்கை மேலே தூக்கிப் பின்னால் சாய்ந்து குந்தி வலிப்பு வரும். பார்க்க ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மூளை உறை அழற்சி மாதிரியே இருக்கும். பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. அப்படி நடந்தால் ஓடிப்போய் வாளி வாளியாகத் தண்ணீர் வைக்காதீர்கள், ஒரேயடியாகக் குடித்தால் மூளை இன்னும் வீங்கும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுத்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிடுங்கள். அப்படி வராமலிருக்க, நல்ல தண்ணீர் இருபத்து நான்கு மணி நேரமும் தொட்டியில் இருக்க வேண்டும். லாரித் தண்ணீர் வாங்கியாவது வையுங்கள்.

புதுப் பன்றி வாங்கினால்

முப்பது நாள் தனியாக வையுங்கள். இதில் பேச்சே இல்லை. பண்ணையின் மறுகோடியில், முடிந்தவரை முப்பது அடியாவது தள்ளி. தீவனம் போடும்போது பழைய கூட்டத்துக்கு முதலில், புதியதற்குக் கடைசியில். புதியதைத் தொட்டுவிட்டு அன்றைக்குப் பழைய கூட்டத்துக்குள் போகக் கூடாது.

நான் ஆரம்பித்த இரண்டாம் வருடம், விலை குறைவு என்று ஒரு வியாபாரியிடம் பத்துக் குட்டி வாங்கி அன்றைக்கே கூட்டத்தோடு விட்டேன். அந்தக் குட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் பழைய பன்றிகள்தான் இரும ஆரம்பித்தன. நோயைச் சுமக்கும் பன்றி நோயாளியாகத் தெரிய வேண்டிய அவசியமில்லை என்பதை ஆறு மாத நஷ்டத்தில் கற்றேன். குட்டி எந்தப் பண்ணையில் பிறந்தது, தடுப்பூசி போட்டதற்குச் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். சந்தையில் பல ஊர்க் குட்டியைக் கலந்து விற்கிறவரிடம் வாங்காதீர்கள். காட்டுப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பன்றிப் பண்ணையில் கேட்டுப் பார்க்கலாம். வடசென்னையிலிருந்து தூரம்தான், போய்வருவது வீண்போகாது.

வாசலில் கால் நனைக்கும் தொட்டி வைப்பார்கள். பாதிப் பண்ணையில் அது அலங்காரம்தான். சாணம் ஒட்டிய பூட்ஸை மருந்தில் முக்கினால் மருந்து சாணத்தோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். முதலில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, அப்புறம் மருந்தில் வையுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தினமும் மாற்றுங்கள். வாய் திறந்து கிடந்த மூட்டைப் பவுடரில் வீரியம் போயிருக்கும். இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. கொட்டகைக்கென்று ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், அது உள்ளேயே கிடக்கட்டும்.

குட்டி போடும் நாட்கள்

சினைக்காலம் 114 நாள். தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பு தாயைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிச் சுத்தமான கொட்டிலுக்கு மாற்றுங்கள். மலச்சிக்கல் வராமல் கோதுமைத் தவிடும் நிறையத் தண்ணீரும் கொடுங்கள். மலம் கட்டிய தாய்க்குத்தான் மடிவீக்கமும் காய்ச்சலும் அதிகம் வரும் என்பது என் அனுபவம், டாக்டர்களும் அதையே சொல்கிறார்கள்.

பன்றியின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் பொருள் குட்டிக்குப் போகாது. குட்டி பிறக்கும்போது வெறும் கையோடுதான் வருகிறது. எல்லாமே சீம்பாலில்தான். குடல் அதை உறிஞ்சும் நேரமும் முதல் நாளோடு முடிந்துவிடும், முதல் ஆறு மணி நேரம் ரொம்ப முக்கியம். பத்துப் பன்னிரண்டு குட்டி இருந்தால் வலுவானது முன் காம்புகளைப் பிடித்துக்கொள்ளும், நோஞ்சான் பட்டினி கிடக்கும். வலுவானவற்றை ஒரு மணி நேரம் கூடையில் போட்டு மூடி வைத்துவிட்டு நோஞ்சானைக் குடிக்க விடுங்கள். ராத்தூக்கம் போகும். அந்த ஒரு இரவு விழித்தவனுக்கு அடுத்த இரண்டு மாதம் ஊசிச் செலவு குறையும்.

தொப்புள்கொடியை டிங்ச்சர் அயோடினில் முக்குங்கள், மேலே தடவினால் போதாது. ஊசிப்பல் வெட்டும் கொறடாவைக் குட்டிக்குக் குட்டி மருந்தில் கழுவுங்கள். ஈறு கிழிந்தால் அதுவும் கிருமிக்கு வாசல். மூன்றாம் நாள் இரும்புச்சத்து ஊசி, டாக்டர் சொல்லும் அளவில்.

ஈன்ற மூன்று நாளுக்குள் தாய் காலையில் தீவனத்துக்கு எழவில்லை, மடியைக் கீழே மறைத்துக் குப்புறப் படுத்திருக்கிறது, குட்டிகள் கத்திக்கொண்டே இருக்கின்றன என்றால் கையால் மடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக, பலகை மாதிரி கெட்டியாக இருந்தால் அது மடி அழற்சி. பின்புறம் நாற்றமடிக்கும் கசிவு இருந்தால் கருப்பையிலும் இருக்கிறது. மதியம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். தாய் பிழைத்துக்கொள்ளும், குட்டிகள் பிழைக்காது.

தடுப்பூசி

பன்றிக் காய்ச்சலுக்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது. குட்டிக்கு ஒன்றரை இரண்டு மாத வயதில், பிறகு ஆண்டுக்கொரு முறை என்பது பொதுவான கணக்கு. தாயின் சீம்பால் எதிர்ப்பு உடம்பில் இருக்கும்போதே போட்டால் ஊசி வீணாகும், அதனால் வயதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கோமாரிக்கும் போடுங்கள். பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி, வெயிலில் பைக் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் வெறும் தண்ணீர்தான். ஐஸ் பெட்டி வேண்டும், கலக்கியதை உடனே போட்டு முடிக்க வேண்டும். காய்ச்சலாக இருக்கும் பன்றிக்குப் போடக் கூடாது.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு இந்தியாவில் தடுப்பூசி கிடையாது. 2020-இல் அசாமிலும் அருணாச்சலத்திலும் வந்தது, 2022-இல் வயநாடு, 2023 ஜனவரியில் நம் முதுமலைக் காட்டுப்பன்றிகள் வரை வந்துவிட்டது. வந்தால் கூட்டத்தோடு போகும். மனிதருக்கு வராது. வதந்தி கிளம்பிக் கறி வியாபாரம் படுக்கும்போது இதை உரக்கச் சொல்லுங்கள்.

காலைப் பார்வை

பண்ணையில் நான் செய்யும் வேலைகளில் இதைத்தான் உயிராக நினைக்கிறேன். தீவன வாளியைக் கையில் எடுப்பதற்கு முன், வெறுங்கையோடு ஒரு சுற்று. வாளிச் சத்தம் கேட்டால் நோயாளிகூட எழுந்துவிடும், அப்போது எல்லாமே நல்ல பன்றி மாதிரிதான் தெரியும்.

முதலில் படுத்திருக்கும் விதம். நல்ல பன்றிகள் பக்கவாட்டில் கால் நீட்டி, ஒன்றையொன்று லேசாகத் தொட்டுக்கொண்டு படுக்கும். வெயில் நாளிலும் குவியலாகக் கிடந்தால் உள்ளுக்குள் குளிர்காய்ச்சல். ஒன்று மட்டும் தனியே போய் முகத்தைச் சுவருக்குக் கொடுத்திருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாய் மாதிரி குந்தியிருந்தால் நெஞ்சு வலிக்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது.

அப்புறம் கை தட்டி எழுப்பிவிட்டு மூன்று நிமிடம் சும்மா நில்லுங்கள். இருமல் அப்போதுதான் வரும். எத்தனை பன்றி, எத்தனை முறை என்று எண்ணுங்கள். எழுந்ததும் எந்தக் கால் தரையில் ஊன்றவில்லை என்று பாருங்கள். மூட்டைத் தொட்டுப் பார்த்து எதிர்க்கால் மூட்டோடு சூட்டை ஒப்பிடுங்கள். வயிறு பம்பு அடிப்பது போல் இழுத்து மூச்சு விடுகிறதா? கண் ஓரத்தில் பீளை? காது நுனி, வயிறு, தொடை உள்பக்கம் ஊதாவாக மாறியிருக்கிறதா? முதலில் புழுக்கை மாதிரி கெட்டியாகப் போட்டு அப்புறம் கழிச்சல் ஆனதா? கடைசி இரண்டும் சேர்ந்து அதிகக் காய்ச்சலும் இருந்தால் பன்றிக் காய்ச்சலோ ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலோ என்று பயப்பட வேண்டும். இரண்டையும் கண்ணால் பிரிக்க எந்த டாக்டராலும் முடியாது, ஆய்வகம்தான் சொல்லும்.

தெர்மாமீட்டர் இல்லாத பண்ணையைப் பண்ணை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். பின்னால் ஒரு நூல் கட்டி, நூல் முனையில் துணி கிளிப் மாட்டிவிடுங்கள். முனையில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துக் கிளிப்பை வாலில் மாட்டினால் உள்ளே போய்விடுமோ என்ற பயம் இல்லை. பன்றிக்கு 101.5 முதல் 103.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. 104 என்றால் மாலையில் மறுபடி பாருங்கள். 105-ஐத் தொட்டால் போன் எடுங்கள். விடியற்காலையில் பார்ப்பதே நல்லது. மே மாதம் மதியம் எல்லாப் பன்றியும் மூச்சிரைக்கும், பன்றிக்கு வியர்த்துத் தணியும் வழி இல்லை. வெயில் என்றால் எல்லாமே இரைக்கும், தண்ணீர் தெளித்தால் தணியும். நோய் என்றால் விடியற்காலையிலும் அந்த ஒன்று மட்டும் இரைக்கும்.

ஒன்று விழுந்துவிட்டது. இனி?

முதல் வேலை பிரிப்பது. நோயாளியைத் தனிக் கொட்டிலுக்கு மாற்றுங்கள். நிழல், காய்ந்த படுக்கை, வாய்க்கு எட்டும் தூரத்தில் தண்ணீர். கால் ஊன்றாத பன்றி பல நேரம் நோயில் சாவதில்லை, தொட்டிக்குப் போக முடியாமல் தாகத்தில் சாகிறது. அதைக் கவனிப்பவர் வேறு ஆளாக இருந்தால் நல்லது, இல்லையென்றால் கடைசியில் போங்கள்.

அடுத்தது போன். பக்கத்துக் கால்நடை மருந்தகம், இல்லையென்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. சொல்ல வேண்டியதை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்: மொத்தம் எத்தனை, எத்தனைக்கு நோய், வயது, என்றைக்கு ஆரம்பித்தது, காய்ச்சல் எத்தனை டிகிரி, கடைசித் தடுப்பூசி எப்போது, பத்து நாளுக்குள் புதிதாக என்ன வந்தது. அது புதுப் பன்றியாகவும் இருக்கலாம், புதுத் தீவனமாகவும் இருக்கலாம், புது ஆளாகவும் இருக்கலாம். நீங்களாக ஏதாவது ஊசி போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

டாக்டர் வரும்வரை ஊசி போடாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆன்டிபயாடிக் போட்டபின் எடுத்த மாதிரியில் பாக்டீரியா வளராது, என்ன கிருமி என்று கண்டுபிடிக்கும் வழி அடைபட்டுவிடும். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலையே செய்யாது. டாக்டர் கொடுத்தால் அது பின்னால் வரும் பாக்டீரியாவைத் தடுக்க. மருந்துக் கடையில் 'உடனே எழுந்திரிக்கும்' என்று கொடுப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு. வீக்கம் வடியும், பன்றி எழுந்து தின்னும், நமக்கு மனசு குளிரும். எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து அடங்கிவிடுவதால் இரண்டாம் நாள் கிருமி கேட்பாரில்லாமல் பரவும். அழற்சியை அடக்குவதும் கிருமியைக் கொல்வதும் இரண்டு வேலைகள். இரண்டையும் எந்த அளவில், எந்த வரிசையில் என்பது படித்தவர் முடிவு.

தடை செய்யப்பட்ட மருந்துகளும் உண்டு. கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொடுக்க 2019-இல் தடை வந்தது. மனிதனுக்கு வேறு எதுவும் கேட்காதபோது கொடுக்கும் கடைசி மருந்து அது. வலி மருந்துகளில் டைக்ளோஃபினாக் 2006-லிருந்தும், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் 2023-லிருந்தும் கால்நடைக்குத் தடை. இந்த மருந்து போட்ட கால்நடை செத்தால், அதைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் சாகின்றன. முதுமலையில் மிஞ்சியிருக்கும் கழுகுகளை நினைத்தாவது வாங்காதீர்கள். கொடுத்த மருந்து எதுவானாலும் எத்தனை நாள் கழித்துக் கறிக்கு விற்கலாம் என்று டாக்டரிடம் கேட்டு நோட்டில் எழுதுங்கள்.

செத்துப்போனால்

பயமும் நஷ்டமும் சேர்ந்து அமுக்கும் நேரம். அப்போதுதான் தப்பு நடக்கும். "மிச்சத்தையாவது இன்னைக்கே வித்துடலாம்" என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் ஊர் விட்டு ஊர் போனதில் இந்த அவசர விற்பனைக்குப் பெரிய பங்கு உண்டு. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி பன்றிக் காய்ச்சல் சந்தேகம் வந்தாலே கால்நடைத் துறைக்குச் சொல்லியாக வேண்டும்.

காரணம் தெரியாமல் இரண்டு மூன்று அடுத்தடுத்துச் செத்தால் நீங்களாக அறுத்துப் பார்க்காதீர்கள், ரத்தம் சிந்திய இடமெல்லாம் வைரஸ் இருக்கும். டாக்டர் எடுத்துக் கொடுக்கும் மாதிரியை ஐஸ் வைத்த பெட்டியில் கொண்டுபோங்கள். வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை: கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமே மாதவரம் பால்பண்ணையில் இருக்கிறது, கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில். வேறு மாவட்டக்காரர்கள் ஒரு நாள் பயணம் செய்து கொண்டுவருவதை நாம் மாதிரி சூடேறுவதற்குள் சேர்த்துவிடலாம்.

உடலை ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு, நாய் தோண்டாதபடி புதைக்க வேண்டும். பக்கிங்காம் கால்வாயிலோ கொசஸ்தலையாற்றிலோ தள்ளிவிடுகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் கீழே இன்னொருவர் கொட்டகை ஓரமாகப் போகிறது.

உங்கள் கை

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் மனிதனுக்கும் வரும். கையில் உள்ள வெட்டுக்காயம் வழியாக உள்ளே போய் மூளைக்காய்ச்சல் ஆகும், பிழைத்தவர்களில் பலருக்குக் காது கேட்காமல் போயிருக்கிறது. எரிசிபெலஸ் விரலில் ஊதாச் சிவப்பாக வீங்கி எரியும். நோயாளிப் பன்றியைத் தொடும்போது, ஈன்ற கழிவை அள்ளும்போது, செத்ததைத் தூக்கும்போது கையுறை போடுங்கள். காயம் இருந்தால் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு அதன் மேல் கையுறை. உங்களுக்கே சளிக்காய்ச்சல் என்றால் அன்றைக்குக் கொட்டகைக்கு வேறு ஆளை அனுப்புங்கள், நம் ஃப்ளூ பன்றிக்கும் ஒட்டும். பன்றியோடு புழங்குகிற உங்களுக்கோ வேலையாளுக்கோ காய்ச்சலும் தலைவலியும் வந்து கழுத்து விறைத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல், உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாகவே "பன்றி வளர்க்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.